அகிம்சை விரதம் பூண்டவர் சாட்சி சொல்லலாமா?

கேள்வி:

ஐயா, நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இளவயதிலேயே சமயதீட்சை பெற்றவள், புலால் உண்பதில்லை, எந்த உயிருக்கும் தீங்கு நினையாமல் வாழ முயல்பவள். எங்கள் வீட்டுக்கு நேர்கீழே ஓர் இளம் குடும்பம் இருக்கிறது. கணவர் மனைவியை அடிக்கும் சத்தம் எங்களுக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. சென்ற மாதம் ஓர் இரவு அவர் அவளைப் படிக்கட்டில் தள்ளிவிட்டதை என் கண்ணால் கண்டேன். அவளுடைய கை எலும்பு முறிந்தது. அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளை உண்டு. வைத்தியசாலையிலிருந்து திரும்பியதும் அவள் என்னிடம், “அன்ரி, நான் பொலிஸுக்குப் போனால் நீங்கள் கண்டதைச் சொல்லுவீங்களா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

என் அண்ணா, “அகிம்சைதான் பரம தர்மம். உன் வாய்ச்சொல்லால் ஒருவன் மறியலுக்குப் போனால் அது ஹிம்சை இல்லையா? அது அவளுடைய வினை. மெய்ப்பொருள் நாயனார் தன்னைக் குத்தியவனையே காப்பாற்றி அனுப்பினார்” என்கிறார். என் மகனோ வட்ஸ்அப்பில் வந்த ஒரு சுலோகத்தைக் காட்டி, “தர்மத்துக்காகச் செய்யும் ஹிம்சையும் பரம தர்மம்தான். கிருஷ்ணரே சண்டை பிடிக்கச் சொன்னார். நானும் நண்பர்களும் போய் நாலு சாத்துச் சாத்தினால் அவன் திருந்துவான்” என்கிறான். அந்த மனிதர் அடிவாங்க வேண்டும் என்று என் மனமும் விரும்புகிறது. அந்த நினைப்போடு சுவாமி அறைக்குள் போகக் கூசுகிறது. கொல்லாமை பெரிதா, கடமை பெரிதா? அவர் சிறைக்குப் போக நேர்ந்தால் நான் பிராயச்சித்தம் செய்ய வேண்டுமா?

வாசகி, கொழும்பு 6

பதில்:

மதிப்புக்குரிய சகோதரி,

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டிலிருக்கும் அந்தப் பெண்ணுக்கு என் விளக்கங்கள் முடியும்வரை காத்திருக்க அவகாசம் இல்லை. நீங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். கண்ட அளவில், கூட்டாமலும் குறைக்காமலும், கேட்க வேண்டிய அதிகாரியின் முன்னால் சொல்ல வேண்டும். அதனால் உங்கள் விரதத்துக்கு எந்த ஊறும் நேராது. உங்கள் அண்ணா காட்டும் வழியில் போனாலும் மகன் காட்டும் வழியில் போனாலும்தான் அந்த விரதம் உடையும் என்பது, இந்து நாகரிகத்தைக் கற்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த என்னுடைய உறுதியான கருத்து. இதற்கு நம் நூல்கள் தரும் ஆதாரங்களை விரித்தே எழுதுகிறேன். நீங்கள் ஆசிரியையாக இருந்தவர், ஆகையால் அவற்றை அவர்கள் இருவருக்கும் எடுத்துச்சொல்ல உங்களால் முடியும்.

மகன் காட்டிய சுலோகத்திலிருந்து தொடங்குகிறேன். ‘அஹிம்ஸா பரமோ தர்ம:’ என்னும் அடி மகாபாரதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகிறது. ஆனால் அதன் இரண்டாம் பாதி என்று இப்போது எங்கும் பரப்பப்படும் ‘தர்ம ஹிம்ஸா ததைவ ச’ என்பது மகாபாரதத்தில் இல்லை. அனுசாசன பர்வத்தில் அந்த அடியைத் தொடர்ந்து வருபவை முற்றிலும் வேறானவை: அகிம்சையே மேலான அடக்கம், அகிம்சையே மேலான தானம், அகிம்சையே மேலான தவம் என்று அந்தப் பகுதி அடுக்கிக்கொண்டே போகிறது. அதைச் சொல்பவர் யார் என்பதையும் மகன் கவனிக்க வேண்டும். பத்து நாட்கள் கௌரவ சேனைக்குத் தலைமை தாங்கிப் போரிட்டு, அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர், அந்தப் போரில் வென்று முடிசூடிய தருமருக்கு அதைச் சொல்கிறார். ஆயுதத்தின் வேலை இன்னது என்பதை அவரைவிட அறிந்தவர் அந்த இதிகாசத்தில் அதிகம் பேர் இல்லை.

வன பர்வத்தில் அதே அடி இன்னொருவர் வாயிலிருந்து வருகிறது, அங்கே அதோடு ஒரு தொடர்ச்சியும் உண்டு: அகிம்சையே பரம தர்மம், அது சத்தியத்தில் நிலைபெற்றிருக்கிறது. அதைச் சொல்பவர் மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருந்த தர்மவியாதர். தவச்செருக்கோடு தம்மிடம் வந்த அந்தணரைப் பார்த்து, உழுகின்ற ஏரின் முனையில் எத்தனை உயிர்கள் மடிகின்றன, நடக்கின்ற காலின் கீழ் எத்தனை மடிகின்றன என்று அவர் கேட்கிறார். அகிம்சையில் உறுதி பூண்டவர்களும் ஹிம்சை செய்தே வாழ்கிறார்கள், தம் முயற்சியால் அவர்கள் அதைக் குறைக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன், சகோதரி. ‘என் கையில் கறை படியாமல் இருக்கிறதா?’ என்று தர்மவியாதர் கேட்கவில்லை. ‘எதைச் செய்தால் உலகில் தீங்கு குறையும்?’ என்பதே அவருடைய கேள்வி. நீங்கள் பேசாமல் இருந்தால் உங்கள் கை தூய்மையாக இருப்பதுபோலத் தோன்றும். கீழ்வீட்டில் தீங்கு குறைந்திராது, பெரும்பாலும் கூடியிருக்கும்.

இனி கீதைக்கு வருகிறேன். 18 அத்தியாயங்களும் 700 சுலோகங்களும் கொண்ட அந்த நூலிலிருந்து ‘போர் செய்’ என்ற ஏவலை மட்டும் தனியே எடுத்துக்கொள்பவர்கள், அந்த ஏவல் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு முந்திய உத்தியோக பர்வம் முழுவதும் போரைத் தவிர்க்கும் முயற்சிகளால் நிறைந்தது. பாதி நாட்டுக்கு உரிமையுடைய பாண்டவர்கள் ஐந்து ஊர் கொடுத்தால் போதும் என்று இறங்கிவந்தார்கள். கிருஷ்ணரே தூதராக அஸ்தினாபுரத்துக்குப் போனார். அவரையே கட்டிவைக்கத் துரியோதனன் முயன்றான். எல்லா வழிகளும் அடைபட்டு, இரு சேனைகளும் எதிரெதிரே நின்ற பிறகே, காவல் தொழிலுக்கென்று பயிற்றப்பட்ட ஒரு வீரனிடம் அந்தச் சொல் சொல்லப்படுகிறது. உங்கள் மகன் எந்தத் தூதை முடித்துவிட்டு வில்லை எடுக்கிறார்? பொலிஸ் நிலையத்துக்குக்கூட இன்னும் எவரும் போகவில்லையே.

அதே கீதை, பிறருடைய தர்மத்தை நன்றாகச் செய்வதிலும் குறைவுபடினும் தன் தர்மத்தைச் செய்வதே மேல் என்று மூன்றாம் அத்தியாயத்தில் சொல்கிறது. தண்டிக்கும் கடமை எல்லோருக்கும் உரியதன்று. திருக்குறளிலும் இந்த வரம்பு தெளிவாக இருக்கிறது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்து, தன்னுயிர் போவதாயினும் பிறிதோர் உயிரைப் போக்கும் செயலைச் செய்யற்க என்று சொன்ன வள்ளுவர், செங்கோன்மை அதிகாரத்தில், ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்கிறார். ஒறுப்பவன் வேந்தன். அந்த வேந்தனுக்கும் கட்டுப்பாடு உண்டு: குற்றத்தைத் தக்கபடி ஆராய வேண்டும், மீண்டும் நிகழாதவாறு ஒறுக்க வேண்டும், ஓங்கும்போது கடுமையாக ஓங்கினாலும் விழும்போது மெல்ல விழச்செய்ய வேண்டும். இன்று அந்தக் கோல் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. இரவில் நான்கு இளைஞர்கள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அங்கே ஆராய்ச்சியும் இல்லை, அளவும் இல்லை.

கீதையில் இன்னும் இரண்டு இடங்களை மகனுக்குக் காட்டுங்கள். ‘காய்ச்சல் நீங்கியவனாய்ப் போர் செய்’ என்று மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. உள்ளக் கொதிப்பு அடங்காதவனுக்கு அந்த ஏவல் பொருந்தாது. பதினோராம் அத்தியாயத்தின் இறுதிச் சுலோகம், எந்த உயிரிடத்தும் பகையில்லாதவனே என்னை அடைகிறான் என்று முடிகிறது. ஆதி சங்கரர் தம் பாஷ்யத்தில் இந்தச் சுலோகத்தைத்தான் கீதை முழுவதன் சாரம் என்று எடுத்துக்காட்டினார். நம் காலத்துக்கு அண்மையில் திலகர் கீதையைச் செயலுக்கான அழைப்பாகவும், காந்தி அதை மனத்துக்குள் நிகழும் போராகவும் வாசித்தார்கள். வேறுபட்ட அந்த இரு வாசிப்புகளிலும் கோபத்துக்கு இடமில்லை.

எனக்குக் கீதையைவிடக் கந்தபுராணம் உங்கள் மகனுக்கு நன்றாகப் புரியும் என்று தோன்றுகிறது. கந்தசஷ்டியின் முடிவில் சூரன் போர் பாராமல் வளர்ந்த பிள்ளை நம்மிடையே அரிது. ஈழத்துச் சைவர்களுடைய வாழ்முறையையே கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அழைத்தார், அந்த அளவுக்குக் கோயில் தோறும் புராண படனமாக அது நம் செவிகளில் விழுந்திருக்கிறது. அந்தக் கதையில் முருகன் வேலை விடுவதற்கு முன் வீரவாகுதேவரைத் தூது அனுப்புகிறார். சிறையிலிருக்கும் தேவர்களை விட்டுவிடு என்பதே செய்தி. சூரன் அதை மறுத்த பிறகே போர் மூள்கிறது. போரின் நோக்கம் சிறைப்பட்டவர்களை மீட்பது, சூரனை அவமானப்படுத்துவதன்று. முடிவில் சூரன் அழிக்கப்படவும் இல்லை. மயிலும் சேவலுமாகி, முருகனுக்கு ஊர்தியும் கொடியும் ஆகிறான். பகைவனின் கொடுமை ஒழிய வேண்டும், பகைவன் உய்ய வேண்டும் என்ற இந்த இரட்டை விருப்பம் நெஞ்சில் இல்லாதவர், ‘நான் தர்மத்துக்காக அடிக்கிறேன்’ என்று சொல்லத் தகுதியுடையவர் அல்லர். தர்மயுத்தம் என்ற சொல்லை இந்த நாட்டில் உச்சரிக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. 1983 தொடக்கம் 2009 வரை நடந்த போரில் ஒவ்வொரு தரப்பும் தன் பக்கமே தர்மம் என்று சொல்லிக்கொண்டதையும், அதன் விலையை யார் செலுத்தினார்கள் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். உங்கள் மகன் அந்தக் காலத்தின் முடிவில் வளர்ந்தவராக இருக்கலாம். நீங்கள் முழுவதையும் கண்டவர்.

அண்ணாவின் வாதத்தை அதிகக் கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனெனில் அது பக்தியின் உடையை அணிந்து வருகிறது. மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு உண்மையிலேயே உள்ளத்தை உருக்குவது. சிவவேடம் பூண்டு உள்ளே புகுந்த பகைவன் முத்தநாதன் குத்திய பிறகும், அவனை வெட்ட வந்த காவலன் தத்தனை, “தத்தா, நமர்” (இவர் நம்மவர்) என்று தடுத்து, அவன் ஊறின்றி எல்லையைக் கடந்தான் என்ற செய்தி வரும்வரை உயிரைத் தாங்கியிருந்தவர் அவர். ஆனால் அந்த வாள் இறங்கியது அவருடைய உடலில். தம் உடலில் பட்ட புண்ணை அவர் பொறுத்தார். பிறர் உடலில் பட்ட புண்ணை அவர் பொறுத்துக்கொண்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. பொறுப்பதும் மன்னிப்பதும் அடிபட்டவருக்கு உரியவை. மேல்மாடியில் இருப்பவர் அடிபட்டவரின் சார்பில் மன்னித்துவிட முடியாது. அந்தப் பெண்ணே ஒரு நாள் தன் கணவரை மன்னிக்கக்கூடும், அல்லது மன்னியாதிருக்கக்கூடும். அந்தத் தீர்மானத்தை அவள் அச்சமின்றி எடுக்கும் நிலை முதலில் வர வேண்டும்.

பிறர் உடலில் பட்ட புண்ணுக்கு என்ன செய்வது என்பதற்கும் பெரியபுராணத்திலேயே விடை இருக்கிறது; அதுவும் நூலின் தொடக்கத்தில், திருநகரச் சிறப்பில். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது, மனுநீதிச் சோழன் ‘அது அந்தக் கன்றின் வினை’ என்று சொல்லவில்லை. அமைச்சர்கள் பிராயச்சித்தம் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. அரசன் தன் குடிகளுக்குத் ‘தன்னால், தன் பரிசனத்தால், ஊனமிகு பகைத்திறத்தால், கள்வரால், உயிர்தம்மால்’ வரும் ஐந்து அச்சங்களையும் தீர்க்க வேண்டியவன் என்று அவர் பேசுகிறார். மகனைத் தேர்க்காலில் இட்ட அந்தத் தண்டனையை இன்று எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. நான் காட்ட விரும்புவது, அழுகுரலைக் கேட்டவருக்கு அக்கணமே ஒரு கடமை பிறந்துவிடுகிறது என்பதை. வாயில்லாத பசுவுக்கு ஒரு மணி இருந்தது. உங்கள் கீழ்வீட்டுப் பெண் வாய்திறந்தே கேட்டுவிட்டாள்.

வினை என்ற வாதமும் அப்படித்தான். கன்மத்தின் பயனை ஊட்டுபவன் இறைவன் என்பது சைவசித்தாந்தம். அது தடையின்றி நடக்கிறதா என்று பார்த்திருக்கும் வேலையை இறைவன் அயலாருக்குக் கொடுக்கவில்லை. அண்ணாவின் வாதத்தை நேர்மையாக நீட்டினால், முறிந்த கைக்கு வைத்தியசாலையில் கட்டுப் போட்டதும் தவறென்று முடியும். தன் துன்பத்தைத் தாங்குவதற்கு வினைக்கொள்கை துணைசெய்யும். பிறர் துன்பத்தைக் கடந்துபோவதற்கு அதைக் காரணமாகச் சொல்பவர் அந்தக் கொள்கையைச் சிறுமைப்படுத்துகிறார்.

கர்ண பர்வத்தில் கிருஷ்ணர் சொல்லும் ஒரு கதை உங்களுடைய நிலைக்கு இவை எல்லாவற்றிலும் நெருக்கமானது. காண்டீபத்தை இகழ்ந்துவிட்டார் என்பதற்காகத் தன் சபதத்தின்படி அண்ணன் தருமரையே வெட்ட அர்ச்சுனன் வாளை உருவுகிறான். விரதத்தைக் காப்பது என்ற பெயரில் கொடுமை செய்யப் புறப்பட்ட அவனைக் கிருஷ்ணர் தடுத்து, உயிர்களைக் கொல்லாமையே எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் கருத்து என்று சொல்லிவிட்டு, கௌசிகர் என்ற தவசியின் கதையைச் சொல்கிறார். பொய் சொல்வதில்லை என்று விரதம் பூண்டவர் அந்தக் கௌசிகர். கள்வருக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் அவருடைய இருப்பிடத்தின் அருகே இருந்த காட்டுக்குள் ஒளிந்தார்கள். துரத்திவந்த கள்வர்கள் கேட்டபோது, மரங்கள் அடர்ந்த அந்தக் காட்டுக்குள் போனார்கள் என்று அவர் உண்மையைச் சொன்னார். ஒளிந்தவர்கள் கொல்லப்பட்டார்கள், கௌசிகர் நரகம் புகுந்தார். விரதத்தில் அவருக்கு இம்மியும் தவறவில்லை. விரதம் யாருக்காக என்பதை அவர் மறந்திருந்தார்.

கொழும்பில் வாழ்ந்த நம் தலைமுறைக்கு இந்தக் கதை ஏட்டுச் சங்கதி அன்று. 1983 ஜூலையில் வீடுகள் எரிந்துகொண்டிருந்தபோது, சிங்கள அயலவர்கள் பலர் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் அறைகளுக்குள் மறைத்துவைத்து, வாசலில் வந்து நின்ற கும்பல்களிடம் இங்கே தமிழர் எவரும் இல்லை என்று சொன்னார்கள். அவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. நமக்கேன் வம்பு என்று கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை. தங்கள் வீட்டுக்கும் தீ வரக்கூடும் என்று தெரிந்தே அந்த வார்த்தையைச் சொன்னார்கள். அகிம்சையும் கடமையும் ஒரே செயலில் சேர்ந்து நின்றதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் நூல்களில் தேட வேண்டியதில்லை. அவர்கள் ஒருவரைக் காப்பதற்குப் பொய் சொல்ல நேர்ந்தது. உங்களுக்கோ அந்தச் சங்கடமும் இல்லை. உங்களுடைய நிலையில் உண்மையைச் சொல்வதே காப்பாற்றுவதாக அமைந்திருக்கிறது. தர்மவியாதர் சொன்ன, சத்தியத்தில் நிலைபெற்ற அகிம்சையை இதற்குமேல் எங்கே கடைப்பிடிப்பது?

அண்ணாவின் சொற்களுக்குப் பின்னால் அச்சமும் இருக்கலாம் என்று எண்ணுகிறேன். தங்கை பொலிஸ், நீதிமன்றம் என்று அலைய வேண்டிவருமே, அந்த மனிதர் பகைகொள்வாரே என்ற அச்சம் ஓர் அண்ணனுக்கு இயல்பானது. அதை அவர் நேரடியாகச் சொல்லியிருந்தால் நான் மிகவும் மதித்திருப்பேன். கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வப் பண்புகளைச் சொல்லத் தொடங்கும்போது, அஞ்சாமையை முதற்கண் வைத்து, அகிம்சையை அடுத்த சுலோகத்தில் வைக்கிறது. அச்சத்தால் ஒடுங்கியிருப்பவர் அகிம்சையைக் கடைப்பிடிக்கிறாரா, அல்லது அதன் பின்னால் மறைந்துகொள்கிறாரா என்பதை அவரே அறியமாட்டார். அகிம்சைக்காகவே வாழ்ந்த காந்தியும், கோழைத்தனம், வன்முறை என்ற இரண்டைத் தவிர வேறு தெரிவே இல்லாவிட்டால் வன்முறையையே பரிந்துரைப்பேன் என்று 1920இல் எழுதினார். நல்லவேளையாக உங்களுக்கு மூன்றாவது வழி திறந்தே இருக்கிறது. நீற்றறையிலும் நஞ்சிலும் யானைக்காலிலும் கடலிலும் உயிர்பிழைத்த நாவுக்கரசர், ஒருவரையும் திருப்பித் தாக்காமலும் ஒருவருக்கும் பணியாமலும் ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று பாடிய வழி அது.

இனி, நீங்கள் மிகவும் கூச்சத்தோடு எழுதிய பகுதி. அந்த மனிதர் அடிவாங்க வேண்டும் என்று மனம் விரும்புவதை ஒளிக்காமல் சொன்னீர்கள். பதஞ்சலியின் யோகசூத்திரம் ஹிம்சையை மூவகையாகக் கூறுகிறது: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு மனத்தால் உடன்படுவது. மூன்றும் பேராசையாலோ கோபத்தாலோ மயக்கத்தாலோ பிறக்கின்றன, முடிவற்ற துன்பத்தைத் தருகின்றன என்று அது எச்சரிக்கிறது. ஆகவே மகன் அடிக்கப் போவதைத் தடுக்காமல் இருப்பதும், அது நடக்கட்டும் என்று உள்ளூர விரும்புவதும் உங்கள் விரதத்தைத் தொடும். நடந்துகொண்டிருக்கும் கொடுமையைத் தடுக்கும் ஆற்றல் இருந்தும் வாளாவிருப்பதையும் அந்த உடன்பாட்டோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என்னுடைய கருத்து. சூத்திரம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, எனினும் அதன் போக்கு அதுவே என்று நம்புகிறேன்.

கோபம் எழுந்ததற்காக உங்களை நீங்களே வெறுக்க வேண்டாம். ஒரு தாயின் கை முறிக்கப்பட்டதைக் கண்டு கொதிக்காத நெஞ்சு வரண்ட நெஞ்சு. ‘அறத்திற்கே அன்புசார் பென்ப அறியார் மறத்திற்கும் அஃதே துணை’ என்ற குறளை இங்கே நினையுங்கள்; உங்கள் கொதிப்பின் அடியில் இருப்பது அந்தத் தாய்மீதும் பிள்ளைமீதும் கொண்ட அன்பு. ஆனால் கொதிப்போடு சாட்சி சொன்னால் காணாததையும் கண்டதாகச் சொல்லும் சோதனை வரும். ‘எப்போதும் அடிப்பார்’ என்று வாயில் வரும். நீங்கள் கண்டது ஒரு நாள், மற்ற நாட்களில் கேட்டது சத்தம். அந்த வேறுபாட்டைக் காப்பது அவருக்கு நீங்கள் செய்யும் நியாயம், உங்கள் தவமும் அங்கேதான் இருக்கிறது.

மகன் சொன்ன ‘அடித்தால் திருந்துவான்’ என்பதற்கும் சித்தாந்தத்தில் ஒரு நுட்பமான பதில் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், சொல் கேளாத பிள்ளையைத் தாய்தந்தையர் வளாரினால் அடிப்பதும் ‘பார்த்திடின் பரிவே ஆகும்’ என்று சொல்லி, இறைவனுடைய முனிவும் அத்தகைய கருணையே என்று விளக்குகிறது. மறக்கருணை என்று நாம் அதை அழைக்கிறோம். இதைக் கேட்டவுடன் மகன் மகிழக்கூடும். அவரிடம் கேளுங்கள்: கீழ்வீட்டுக்காரரும் மனைவியைத் ‘திருத்தத்தான் அடித்தேன்’ என்றுதானே சொல்வார்? இறைவனுக்கு அந்தக் கருணை பொருந்துவது, அவனிடம் ஆணவமும் வெகுளியும் இல்லாததால். மலத்தால் கட்டுண்ட நாம், நம் கோபத்துக்கு மறக்கருணை என்று பெயர் சூட்டிக்கொண்டால் அந்தக் கணவருக்கும் நமக்கும் வேறுபாடு மிகக் குறைவாகவே இருக்கும். சாத்திரத்தை விட்டுவிட்டு நடைமுறையைப் பார்த்தாலும், வெளியே அடிவாங்கியவர் அந்த ஆத்திரத்தை அன்றிரவே வீட்டுக்குள் தீர்ப்பார். உங்கள் மகன் பிரதிவாதியாவார். பிறகு நீங்கள் சொல்லும் சாட்சி பகையால் சொன்னதாகத் தள்ளப்படும்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் அந்தப் பெண்ணை, கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில் தனியே சந்தித்து, கேட்டதற்கு அன்று பதில் சொல்லாததற்கு வருத்தம் தெரிவித்து, சாட்சி சொல்ல நீங்கள் ஆயத்தம் என்று கூறுங்கள். எப்போது போவது, போவதா இல்லையா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். அடிபடுபவர் வீட்டைவிட்டு வெளியேற முற்படும் வேளையே ஆபத்து மிகுந்த வேளை என்பதால், தங்குமிடம் எது, பிள்ளையின் பாடசாலை என்ன ஆகும் என்பதையெல்லாம் முன்னரே பேசி வையுங்கள். உயிருக்கு ஆபத்தான கூச்சல் கேட்டால் மட்டும் எவருடைய இசைவுக்கும் காத்திராமல் உடனே 119ஐ அழையுங்கள். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கமும், சிறுவர்களுக்கான 1929 என்ற இலக்கமும் அவள் மனத்தில் இருக்கட்டும். கைத்தொலைபேசியை அவர் பார்க்கக்கூடும் என்றால் அதில் பதியாமல் நினைவில் வைத்திருப்பதே நல்லது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் கோரலாம். அவசரமென்று கண்டால் நீதவான் இடைக்காலக் கட்டளை வழங்குவார். விசாரணைக்குப் பின் வழங்கும் கட்டளை 12 மாதங்கள் வரை நீடிக்கலாம். உங்கள் அண்ணா இதைக் கட்டாயம் அறிய வேண்டும்: அந்தக் கட்டளை கணவரைச் சிறையிலிடுவதற்கானது அன்று, அடிக்காதே, அணுகாதே என்று அவரைத் தடுப்பதற்கானது. அதை மீறினால்தான் அது குற்றமாகும். வீரவாகு தூது போன்ற ஓர் எச்சரிக்கைக்கு இந்தச் சட்டம் இடம் வைத்திருக்கிறது என்பது எனக்கு மனநிறைவு தருகிறது. எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையில் பாரதூரமான காயமாகக் கொள்ளப்படுவதால், அதற்கெனத் தனி வழக்கும் தொடரப்படலாம். அதைப் பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளியுங்கள். சாட்சிகளை மிரட்டுவதைத் தண்டிக்கவும் சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தரவும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அச்சுறுத்தல் எதுவும் வந்தால் அன்றே முறைப்பாடு செய்யுங்கள்.

பிராயச்சித்தம் பற்றிக் கேட்டீர்கள். பாரதப் போர் முடிந்தபின் தருமர் வெற்றியைக் கொண்டாடவில்லை. துயரத்தில் ஆழ்ந்து காட்டுக்குப் போகத் துணிந்தார். பின்னர் பாவம் நீங்க அசுவமேதம் செய்தார். நியாயம் தம் பக்கம் இருந்தும், சிந்திய இரத்தம் தம்மைத் தொடவில்லை என்று அவர் எண்ணவில்லை. தர்மத்துக்கான ஹிம்சை கறையற்றது என்று நம்புகிறவர்கள் சாந்தி பர்வத்தின் தொடக்கத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கோ அத்தகைய பிராயச்சித்தம் எதுவும் தேவையில்லை, ஏனெனில் நீங்கள் ஒருவரையும் ஹிம்சிக்கவில்லை. கண்டதைச் சொல்கிறீர்கள், முடிவை நீதவான் எடுக்கிறார், அதற்குக் காரணமான செயலை அந்தக் கணவர் செய்தார். ஆனால் அவர் மறியலுக்குப் போக நேர்ந்தால் அதைக் கண்டு மகிழ வேண்டாம். சுவாமி அறைக்குள் கூசாமல் போங்கள். அந்தத் தாயையும் பிள்ளையையும் நினைத்து வேண்டும்போது அவரையும் சேர்த்து வேண்டுங்கள். தொடக்கத்தில் அது வாயளவில்தான் வரும். அப்படியே வேண்டுங்கள்.

மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவருடைய துடிப்பு நல்ல துடிப்பு; அதை அணைத்துவிடாதீர்கள். அந்தப் பெண் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் நாளில் வாகனத்தை எடுத்துக்கொண்டு உங்கள் இருவரோடும் வரச் சொல்லுங்கள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினால், கையொப்பமிடுவதற்கு முன் அதை வரிக்கு வரி வாசித்து அவளுக்குத் தமிழில் சொல்வதற்கும், தமிழில் எழுதித் தரும்படி பணிவோடும் உறுதியோடும் கேட்பதற்கும் பக்கத்தில் ஒரு இளைஞன் இருப்பது பேருதவியாக இருக்கும்.